ஈர வீதியும் இறப்பர் ஊசலும்

வீதியோரத்தில் பீப்பாய்களை அடுக்கி, விறகெரித்துத் தாரை உருக்கி, அதனைத் தெருவின்மேல் ஊற்றிப் பரப்பி, அதன்மீது சிறு சல்லியைத் தூவி, உருளை இயந்திரத்தை ஓட்டிச் செல்லும் தொழிலாளரைக் காணாதார் இலங்கையில் அரியர். காண்பவருக்கு அது மிக எளிய தொழிலாகவே தோன்றும். இவ்வாறு இடப்படும் மேற்பூச்சின் தடிப்பு பெரும்பாலும் ஒரு சல்லிக்கல்லின் உயரமே. அரை அங்குலத்தைத் தாண்டுவது அருமை. லொறியின் பாரத்தைத் தாங்குவது இப்பூச்சின் கடமையன்று. அது கீழேயுள்ள கற்படைகளின் கடமை. மேற்பூச்சுக்கு உரிய கடமைகள் மூன்று. மழைநீர் உள்ளே இறங்காது தடுத்தல் ஒன்று. தூசி எழாது காத்தல் மற்றொன்று. ஓடும் சக்கரத்துக்குப் பிடிப்பு அளித்தல் மூன்றாவது. முதலிரண்டும் நிறைவேறினவா என்பதைக் கண்ணாற் கண்டு கூறிவிடலாம். மூன்றாவதைக் கண்ணால் அறிய இயலாது. மழை பெய்த ஒரு மாலையில், வளைவொன்றில் வண்டி சறுக்கிக் கவிழ்ந்த பின்னரே அது இல்லை என்பது தெரியவரும். அவ்வாறு உயிரிழந்த பின் அறியும் அறிவை, உயிரிழப்பதற்கு முன்பே ஆய்வுகூடத்தில் அறிந்துகொள்ளும் வழியை மனிதர் எவ்வாறு கண்டனர் என்பதே இங்கு கூறப்படும் வரலாறு.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் நல்ல வீதி என்றால் அது மக்கடம் என்பவரின் முறைப்படி அமைந்த வீதியே. ஸ்கொத்லாந்தில் 1756-ல் பிறந்த ஜோன் லவுடன் மக்கடம், சிறு சிறு துண்டுகளாக உடைத்த கற்களைப் படைபடையாக இட்டு இறுக்கினால், வேறு பிணைபொருள் இன்றியே அவை ஒன்றையொன்று பற்றிக்கொண்டு பாரந்தாங்கும் எனக் காட்டினார். குதிரை வண்டிகளின் இரும்புப் பட்டங்கள் கல்லை அரைத்துப் பொடியாக்கின. அப்பொடி மழைநீருடன் கலந்து கற்களின் இடையே இறங்கி வீதியை மேலும் இறுக்கிற்று. வண்டியும் வீதியும் ஒன்றுக்கொன்று உதவி வாழ்ந்த காலம் அது.

மோட்டார் வண்டி வந்ததும் இவ்வுறவு முறிந்தது. விரைந்தோடும் காற்றடைத்த இறப்பர்ச் சக்கரங்கள், கற்களின் இடையே கிடந்த பொடியை உறிஞ்சி வெளியே வீசின. பொடி போகக் கற்கள் தளர்ந்தன, வீதி சிதைந்தது. எழுந்த தூசியோ மரஞ்செடிகளையும் வீடுகளையும் மக்களின் நெஞ்சையும் நிறைத்தது. செல்வர் பலர் கூடி வாழ்ந்த மத்தியதரைக் கடற்கரை நகரங்களில் இத்தொல்லை பொறுக்க முடியாததாயிற்று. மொனாக்கோவில் மருத்துவராயிருந்த ஏர்ணஸ்ட் குலியெல்மினெட்டி என்னும் சுவிற்சர்லாந்து நாட்டவர், அந்நாட்டு இளவரசர் முதலாம் ஆல்பேட்டின் ஆதரவுடன், 1902-ம் ஆண்டில் வீதியின் ஒரு சிறு பகுதிக்குச் சூடான நிலக்கரித் தாரைப் பூசிப் பார்த்தார். தாரை வீதியிற் பயன்படுத்தும் எண்ணம் அதற்கு முன்னரும் சிலருக்குத் தோன்றியிருந்தது. ஆயினும் தூசிக்கு மருந்தாகத் தாரைப் பூசலாம் என்பதை ஐரோப்பா முழுவதும் பரப்பியவர் அவரே. மக்கள் அவரை ‘தார் வைத்தியர்’ என்று வேடிக்கையாக அழைக்கலாயினர். 1908-ல் பாரிஸ் நகரிற் கூடிய முதலாவது சர்வதேச வீதி மகாநாட்டில் இம்முறை பெரிதும் ஆராயப்பட்டது. நிலவாயு எரிக்கும் நகரங்களிலெல்லாம் தார் கழிவுப் பொருளாக மலிந்து கிடந்தமையால் அது மலிவாகவும் கிடைத்தது.

ஆனால் மருந்து வேறொரு நோயை உடன்கொண்டு வந்தது. வெயிலில் தார் இளகிக் கசிந்தது, குளிரில் வெடித்தது. பெருமழையில் வீதியினின்றும் கழுவுண்ட தார்நீர் ஓடைகளிற் சேர்ந்து மீன்களைக் கொல்கின்றதா என்பதை ஆராயவும் நேர்ந்தது. இவற்றினும் பெரிய குறை ஒன்று இருந்தது. பூசிய வீதி வழுவழுப்பாயிற்று. முதலிற் குதிரைகள் கால் சறுக்கி விழுந்தன. பின்னர் மோட்டார் வண்டிகளும் சறுக்கின. ஓரிடத்தில் ஐந்தாண்டு உழைத்த பூச்சு வேறோரிடத்தில் ஒரே மாரியிற் பெயர்ந்தது. காரணம் தாரிலா, கல்லிலா, தொழிலிலா, காலநிலையிலா என்று எவராலும் பிரித்துக் கூற இயலவில்லை. வீதியிலேயே பூசிப் பார்த்து முடிவு காண்பதாயின் ஆண்டுக்கணக்கிற் காத்திருக்கவேண்டும். காத்திருக்கும் காலத்தில் தவறான பூச்சு பல மைல்களுக்குப் பரவிவிடும். எனவேதான் வீதியை ஆய்வுகூடத்துக்குள் கொண்டுவரும் தேவை எழுந்தது.

வீதிப் பொருள்களைச் சோதிக்கும் வழக்கம் அதற்கு முன்பே தொடங்கியிருந்தது. கரும்பசைப் பொருளின் கடினத்தைத் தொழிலாளர் வாயிலிட்டு மென்று பார்த்து மதிப்பிட்ட காலமும் ஒன்றுண்டு. 1888-ம் ஆண்டளவில் அமெரிக்காவில் போவன் என்பவர் இதற்கு மாற்றாக ஓர் ஊசிச் சோதனையை வகுத்தார். துணி தைக்கும் ஊசியொன்றின்மேல் குறித்த பாரம் வைத்து, குறித்த வெப்பத்தில், குறித்த நேரத்தில் அது பசைக்குள் எவ்வளவு ஆழம் இறங்குகின்றது என்று அளப்பதே அச்சோதனை. ஊசியின் வடிவம் பின்னர் திருந்திற்று. ஆனால் சோதனையின் அடிப்படை இன்றளவும் மாறவில்லை. கல்லுக்கும் ஒரு சோதனை பிரான்சில் வழங்கிற்று. டெவால் சோதனை எனப்படும் அதில், உடைத்த கற்களை ஓர் இரும்பு உருளையிலிட்டுப் பதினாயிரம் முறை சுழற்றுவர். உராய்ந்து பொடியாகப் போன பங்கு எவ்வளவு என்று நிறுப்பர். பொடி குறைவாயின் கல் நல்லது. அமெரிக்காவில் லோகன் வோலர் பேஜ் என்னும் அறிஞர் ஹாவட் பல்கலைக்கழகத்திலும், பின்னர் மத்திய அரசாங்கத்தின் விவசாயப் பகுதியிலும் வீதிப் பொருள் ஆய்வுகூடங்களை நடத்தி இத்தகைய சோதனைகளைப் பரப்பினார்.

இச்சோதனைகள் பயனுள்ளவையே. ஆயினும் அவை கேட்ட கேள்வி ஒன்று; வீதி கேட்ட கேள்வி மற்றொன்று. இக்கல் எவ்வளவு தேயும் என்பதே டெவால் உருளை கேட்ட கேள்வி. தேய்ந்தபின் அதன் முகம் எத்தகையதாயிருக்கும் என்று அது கேட்கவில்லை. மிகக் குறைவாகத் தேயும் கல்லொன்று கண்ணாடிபோல மினுங்கவும் கூடும். இரும்புப் பட்டத்துக்கு எதிராக நின்று பிடித்த கல், இறப்பர்ச் சக்கரத்தின்கீழ் வழுக்குங் கல்லாக மாறவும் கூடும். இவ்வுண்மை விளங்க மேலும் பல ஆண்டுகள் சென்றன.

பிரித்தானியாவில் 1910-ம் ஆண்டை அடுத்து வீதிச் சபையொன்று இயங்கத் தொடங்கியபோது, டெடிங்டன் என்னும் இடத்திலுள்ள தேசிய பௌதிக ஆய்வுகூடத்தில் வீதிப் பொருள்களைச் சோதிக்கும் ஏற்பாடு செய்யப்பட்டது. வட்டப் பாதையொன்றிற் பாரமேற்றிய சக்கரங்களை ஓயாது சுற்றவிட்டு, பல மாதப் போக்குவரத்தைச் சில நாள்களுட் சுருக்கிப் பார்க்கும் முயற்சியும் அங்கு நடைபெற்றது. 1930-ல் போக்குவரத்து அமைச்சு, இலண்டனுக்கு மேற்கேயுள்ள ஹாமண்ட்ஸ்வேத் என்னும் ஊரில் ஒரு சோதனை நிலையத்தை நிறுவிற்று. 1933-ல் அது விஞ்ஞான, கைத்தொழில் ஆராய்ச்சித் திணைக்களத்தின் பொறுப்பில் வந்து, வீதி ஆராய்ச்சி ஆய்வுகூடம் என்னும் பெயர் பெற்றது. அக்காலத்தில் பிரித்தானிய வீதிகளில் இறந்தோரின் தொகை அச்சந்தருவது. 1934-ம் ஆண்டில் மட்டும் 7,000-க்கு மேற்பட்டோர் மாண்டனர். இன்று உள்ளவற்றுடன் ஒப்பிடுகையில் அன்று ஓடிய வண்டிகளோ மிகச் சில. இம்மரணங்களில் ஒரு பகுதி ஈர வீதியிற் சறுக்கியதனால் நேர்ந்தது என்பதை அதிகாரிகள் அறிந்திருந்தனர். ஆனால் ‘இவ்வீதி வழுக்கும்’ என்று எண்ணால் எடுத்துக்கூற அவர்களிடம் அளவுகோல் இல்லை.

அதற்கு முதலிற் கிடைத்த கருவி ஒரு மோட்டார் சைக்கிள். பக்கவண்டி பூட்டிய மோட்டார் சைக்கிளில், பக்கவண்டியின் சக்கரத்தை மட்டும் செல்லும் திசைக்குச் சற்றுச் சாய்வாகத் திருப்பி வைத்தனர். ஈர வீதியில் வண்டி முன்னோக்கி ஓடும்போது, அச்சாய்ந்த சக்கரம் பக்கவாட்டிற் சறுக்க முயலும்; வீதியின் பிடிப்பு அதனைத் தடுக்கும். அத்தடை விசையை அளந்து, சக்கரத்தின் மேலுள்ள பாரத்தால் வகுத்தால் ஓர் எண் கிடைக்கும். அதுவே பக்கவிசைக் குணகம். எண் பெரிதாயின் பிடிப்பு மிகுதி. சிறிதாயின் ஆபத்து மிகுதி. நூற்றுக்கணக்கான வீதிகளில் இவ்வாறு ஓடிப் பார்த்ததும் மூன்று உண்மைகள் வெளிப்பட்டன. உலர்ந்த வீதிகள் ஏறக்குறைய எல்லாமே நல்லவை. ஈரமான போதுதான் நல்லதும் தீயதும் பிரிகின்றன. ஈரத்தில் வேகம் கூடுந்தோறும் பிடிப்புக் குறைகின்றது. ஆனால் எல்லா வீதிகளிலும் ஒரே அளவாகக் குறைவதில்லை. மேலும், கோடைக்காலத்தில் ஒரே வீதியின் பிடிப்புத் தாழ்ந்தும், மாரிக்காலத்தில் மீண்டும் உயர்ந்தும் நிற்கின்றது.

எனினும் மோட்டார் சைக்கிள் வீதியை மட்டுமே சோதிக்கவல்லது. இன்னும் இடாத பூச்சைச் சோதிக்க அதனால் ஆகாது. ஆய்வுகூட மேசையில் வைத்த ஒரு சிறு துண்டையும், வெளியே கிடக்கும் வீதியையும் ஒரே முறையில் அளக்கும் கருவியொன்று வேண்டியிருந்தது. அதன் மூலவடிவம் வீதிக்காகச் செய்யப்பட்டதன்று. அமெரிக்கத் தேசிய நியம அலுவலகத்தில் பேர்சி சீக்லர் என்பவர், கட்டடங்களின் தளங்களில் மனிதர் வழுக்கி விழும் ஆபத்தை அளப்பதற்கென 1940-ம் ஆண்டுகளில் ஓர் ஊசற் கருவியை அமைத்தார். ஊசலின் நுனியில் காலணியின் குதி போன்றதொரு பகுதி இருந்தது. அது ஆடி வந்து தளத்தை உராய்ந்து சென்றது. ஹாமண்ட்ஸ்வேத் ஆய்வாளர் இதனைத் திருத்தி, வீதிக்குரிய கருவியாக்கினர்.

அக்கருவியின் செயல் பள்ளி மாணவனுக்கும் விளங்கக்கூடியது. முக்காலியில் நிறுத்திய கம்பத்திலிருந்து ஒரு கை தொங்கும். அதன் நுனியில் வில்லால் அழுத்தப்பட்ட சிறு இறப்பர்த் துண்டு பொருத்தப்பட்டிருக்கும். கையைக் கிடைமட்டமாக உயர்த்தி விட்டுவிட்டால், அது கீழே ஆடி வந்து, ஈரமாக்கிய பரப்பை ஏறக்குறைய 5 அங்குல நீளத்துக்கு உராய்ந்து, மறுபுறம் எழும். தடையே இல்லாவிடில் விட்ட உயரத்துக்கே மறுபுறமும் எழுந்து, சுட்டுமுள் பூச்சியத்தைக் காட்டும். பரப்பில் எவ்வளவு பிடிப்பு உண்டோ அவ்வளவுக்கு ஊசல் தன் சத்தியை இழக்கும். அவ்வளவுக்குத் தாழ்ந்தே எழும். முள் காட்டும் எண்ணே அப்பரப்பின் சறுக்கற்றடை மதிப்பு. பரப்பை ஒவ்வொரு முறையும் நன்றாக நனைத்துப் பல முறை ஆட்டிச் சராசரி காண்பர். இறப்பரின் இயல்பு வெப்பத்தோடு மாறுவதாகையால், வெப்பநிலையையும் குறித்து, 20 பாகைக்குரிய எண்ணாக அதனைத் திருத்துவர். மின்சாரமும் எஞ்சினும் வேண்டாத இக்கருவியை வண்டியொன்றில் ஏற்றிச்சென்று எந்த நாட்டு வீதியிலும் வைத்துப் பார்க்கலாம்.

எண் கிடைத்ததும், எவ்வளவு எண் போதும் என்னும் வினா எழுந்தது. இதற்கு விடை ஆய்வுகூடத்தில் இல்லை. விபத்து நடந்த இடங்களிலேயே இருந்தது. சறுக்கி விபத்துக்குள்ளான இடங்களின் பிடிப்பை அளந்து, எழுமாற்றாகத் தெரிந்தெடுத்த வேறிடங்களின் பிடிப்போடு ஒப்பிட்டபோது, பிடிப்பு ஒரு மட்டத்துக்குக் கீழே இறங்கியதும் ஆபத்து மிக விரைவாகப் பெருகுவதை ஆய்வாளர் கண்டனர். அதன்படி வீதிகளை மூவகையாகப் பிரித்தனர். வட்டச் சந்திகள், கூரிய வளைவுகள், செங்குத்தான இறக்கங்கள், சமிக்ஞை விளக்குகளை அணுகும் இடங்கள் ஆகியவற்றுக்கு ஊசலின் எண் 65 ஆதல் வேண்டும். விரைவான போக்குவரத்தும் மிகுந்த போக்குவரத்துமுள்ள பெருந்தெருக்களுக்கு 55 வேண்டும். ஏனைய வீதிகளுக்கு 45 போதும். ஒரே வீதியிலும் எல்லா இடத்துக்கும் ஒரே தேவையில்லை என்னும் இக்கருத்து மிகப் பயனுடையது. பணம் குறைந்த நாடு தன் நல்ல கல்லை எங்கே இடவேண்டும் என்பதை அது கற்பித்தது.

இனிக் கல்லின் கதை. மேற்பூச்சில் சக்கரம் தொடுவது தாரையன்று, தாரிற் பதிந்து நிற்கும் சல்லியின் முகத்தையே. அம்முகம் போக்குவரத்தால் மெருகேறுகின்றது. இம்மெருகை ஆய்வுகூடத்தில் வருவிப்பதற்காக 1950-ம் ஆண்டுகளில் ஒரு பொறி அமைக்கப்பட்டது. சோதிக்கவேண்டிய சல்லிகளை நெருக்கமாக அடுக்கி, வளைந்த சிறு ஓடுகள் போன்ற மாதிரிகளாக வார்ப்பர். பதினான்கு மாதிரிகளை ஒரு சக்கரத்தின் விளிம்பைச் சுற்றிப் பொருத்தினால், கல்லாலான வட்ட வீதியொன்று உருவாகும். பாரமேற்றிய இறப்பர்ச் சக்கரமொன்று அதன்மேல் அழுத்தி நிற்க, கல்வீதி நிமிடத்துக்கு 320 சுற்று வீதம் சுழலும். முதல் மூன்று மணி நேரம் பருமையான எமரித் தூளும் நீரும், அடுத்த மூன்று மணி நேரம் மாப்போன்ற நுண்ணிய எமரித் தூளும் நீரும் ஊட்டப்படும். ஆறு மணி நேரத்தில் கல் தன் பல்லாண்டு மெருகைப் பெற்றுவிடும். பின்பு ஒவ்வொரு மாதிரியையும் ஊசலின்கீழ் வைத்து அளப்பர். அந்த எண்ணே மெருகுற்ற கல்லின் மதிப்பு. பொறியின் இயல்பு நாளுக்கு நாள் மாறுமாயின் தீர்ப்பும் மாறிவிடுமன்றோ? அதனைத் தவிர்ப்பதற்காக, முன்னரே இயல்பறிந்த கல்லின் மாதிரிகளையும் ஒவ்வொரு முறையும் உடன் வைத்துச் சுழற்றுவர். 1960-ம் ஆண்டில் இச்சோதனை பிரித்தானிய நியமங்களுள் இடம்பெற்றது.

இப்பொறி கூறிய தீர்ப்பு பலருக்கு வியப்பளித்தது. யாழ்ப்பாணக் குடாநாட்டார் நன்கறிந்த சுண்ணாம்புக் கல் வகை, பெரும்பாலும் ஒரே கனிப்பொருளால் ஆனது, அதுவும் மென்மையானது. எனவே அது ஒரே சீராகத் தேய்ந்து மழமழப்பாகின்றது. பல சுண்ணாம்புக் கற்கள் நாற்பதை ஒட்டிய எண்ணையே பெறுகின்றன. கருங்கல் வகைகளில் வன்மை வேறுபட்ட கனிப்பொருள்கள் கலந்திருப்பதால், மென்மையானவை முதலிற் தேய, வன்மையானவை துருத்தி நிற்கின்றன, அவை இடைத்தரமானவை. சில மணற்கற்களோ அறுபதுக்கு மேலும் பெறுகின்றன. காரணம் அவற்றின் வன்மையன்று. ஒருவகையில் அவற்றின் தளர்ச்சியேயாகும். தேய்ந்த மணி கழன்று வீழ, அதன்கீழ் இருந்த கூரிய மணி வெளிப்படுகின்றது. அக்கல் தேய்வதனாலேயே தன் கூர்மையைப் புதுப்பித்துக்கொள்கின்றது. டெவால் உருளை குறை கூறியிருக்கக்கூடிய இயல்பே இங்கு குணமாயிற்று.

இன்னுமொரு செய்தி தமிழ்ச் செவிக்கு இனியது. கற்களை மெருகிடும் எமரித் தூளின் வன்மைக்குக் காரணமான கனிப்பொருள் குருந்தம். ஐரோப்பிய மொழிகளில் அதற்கு வழங்கும் பெயரும் தமிழின் குருந்தம் என்னும் சொல்லிலிருந்து சென்றதே. எல்லாக் கற்களினும் மேலாக மெருகுக்கு இடங்கொடாது நின்றதும் குருந்தமே. பொக்சைற்று என்னும் அலுமினிய மண்ணை உயர்ந்த வெப்பத்திற் சுட்டால் அது பெரும்பாலும் குருந்தமாக மாறுகின்றது. இச்சுட்ட பொக்சைற்று மணிகளை, சாதாரண தாருக்குப் பதிலாக வலிய செயற்கைப் பிசினாற் பிணைத்து, 1960-ம் ஆண்டுகளில் இலண்டன் நகரின் ஆபத்தான சந்திகளை அணுகும் இடங்களில் இட்டனர். விலை மிகுந்த பூச்சு அது. ஆயினும் சிறிய இடத்துக்கே வேண்டியதாயிற்று. எங்கே வேண்டும் என்பதை ஊசல் காட்டிற்று. எதனை இடவேண்டும் என்பதை மெருகுப் பொறி காட்டிற்று.

கல்லின் நுண்ணிய சொரசொரப்பு மட்டும் விரைவான வண்டிக்குப் போதாது. வேகமாய் உருளும் சக்கரம், தனக்கும் வீதிக்கும் இடையே அகப்பட்ட நீரை வெளியேற்ற அவகாசமின்றி, அந்நீர்மேல் மிதக்கத் தொடங்கும். நீர் ஓடிப்போவதற்குச் சல்லிகளின் இடையே பள்ளங்கள் வேண்டும். இப்பள்ளத்தின் ஆழத்தை அளக்கும் முறை, உழவரும் செய்யத்தக்க எளிமையுடையது. குறித்த அளவு மெல்லிய மணலை வீதியிற் கொட்டி, பள்ளங்கள் நிரம்பி மட்டமாகும் வரை வட்டமாகப் பரப்புவர். மணலின் கனவளவை வட்டத்தின் பரப்பால் வகுத்தால் சராசரி ஆழம் கிடைக்கும். வட்டம் சிறிதாயின் பள்ளம் ஆழமானது. பெரிதாயின் வீதி மட்டமாகிவிட்டது. நீர்ப்படலத்தை ஊடுருவ நுண்ணிய கூர்மை, நீரை வெளியேற்றப் பருமையான பள்ளம் என இரண்டும் வேண்டும். அதே காலத்தில் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் டேவிட் டேபர் என்பவரும் அவருடைய துணைவரும், ஈரப் பரப்பிற் கூட இறப்பர் நெளிந்து மீள்வதிற் சத்தியை இழப்பதே பிடிப்பின் ஒரு பகுதி எனக் காட்டினர். எனவே வீதிக்கேற்ற டயரைச் செய்யவும் வழி பிறந்தது.

நல்ல சல்லியைத் தெரிந்துவிட்டாலும், அது வீதியில் நிலைத்து நின்றாலன்றிப் பயனில்லை. தார் குறைந்தால் சல்லி பெயர்ந்து பறக்கும். தார் மிகுந்தால் சல்லி மூழ்கி, கரிய பசையே மேலே மினுங்கும். நடுவான அளவு யாது? இதற்குத் தெளிவான விடையை 1935-ல் வெளியிட்டவர் நியூசிலாந்து நாட்டுப் பொறியியலாளர் ஹான்சன். மக்கள்தொகை சிறுத்து வீதி நீளம் மிகுந்த அந்நாட்டுக்கு, மலிவான மேற்பூச்சு உயிர்நாடியாயிருந்தது. தூவிய சல்லிகளின் இடையே நூற்றுக்கு 50 பங்கு வெற்றிடம் உள்ளது என்றும், உருளை ஓடியபின் அது 30 ஆகவும், போக்குவரத்து அழுத்தியபின் 20 ஆகவும் குறைகின்றது என்றும் அவர் கண்டார். சல்லிகள் நாளடைவில் தம் தட்டையான பக்கம் கீழாகப் படுத்துவிடுகின்றன. ஆகவே பூச்சின் இறுதித் தடிப்பு, சல்லியின் மிகக் குறுகிய அளவின் சராசரியே. அத்தடிப்பில் எஞ்சும் வெற்றிடத்தின் ஏறத்தாழ மூன்றில் இரண்டு பங்கைத் தார் நிரப்பினாற் போதும். இக்கணக்கே பின்னர் பல நாடுகளின் முறைகளுக்கு அடிப்படையாயிற்று. அமெரிக்காவில் டெக்சஸ் மாநிலத்தவரான கேர்பி 1953-ல் வெளியிட்ட முறையில், அரைச் சதுர யார் பலகையொன்றின்மேல் சல்லியை ஒரே படையாகக் கையால் அடுக்கி நிறுத்தே வீதிக்கு வேண்டிய அளவு காணப்பட்டது.

தாரும் கல்லும் சேர்வதற்குப் பெரும் பகை நீர். கல்லின் இயல்பு எண்ணெய்ப் பசையினும் நீரையே விரும்புவது. குறிப்பாகப் படிகமணல் மிகுந்த கற்கள் அத்தகையவை. மழைபெய்யும் நாட்டில் இப்பகையை எவ்வாறு வெல்வது? ஹாமண்ட்ஸ்வேத் ஆய்வாளர் தட்டமொன்றில் தாரைப் பரப்பி, அதன்மேல் ஓரங்குலம் நீர் ஊற்றி, நீருக்குள்ளேயே சல்லிகளைத் தாரில் அழுத்திப் பின் பிடுங்கிப் பார்த்தனர். கல்லின் முகத்தில் தார் எவ்வளவு ஒட்டியிருக்கின்றதோ அதுவே மதிப்பு. தாரிற் சிறிதளவு ஒட்டுதுணைப் பொருளைச் சேர்த்தால், நீரை விலக்கித் தார் கல்லைப் பற்றுவதை இத்தட்டம் காட்டிற்று. பிரான்சில் எழுந்த வியாலிற்றுச் சோதனையோ வேறு வகை. உருக்குத் தகடொன்றிற் பிணைபொருளைப் பூசி நூறு சல்லிகளைப் பதிப்பர். தகட்டைத் தலைகீழாகத் தாங்கிகளின்மேல் வைத்து, அரைக் கிலோகிராம் நிறையுள்ள உருக்குக் குண்டை அரை மீற்றர் உயரத்திலிருந்து பத்து விநாடிக்குள் மூன்று முறை முதுகில் விழச் செய்வர். எத்தனை சல்லி விழுந்தது, எத்தனை நின்றது என எண்ணுவர். குளிரூட்டிய தகட்டிலும் இதனைச் செய்யலாம். அமெரிக்காவில் இன்று வழங்கும் மற்றொரு சோதனையில், பால்மமாகத் தெளித்துச் சல்லியிட்ட வட்டத் துண்டொன்றைச் சூட்டறையிற் குறித்த நேரம் உலரவைத்து, தூரிகையால் ஒரு நிமிடம் துடைத்து இழந்த நிறையைக் காண்பர். வீதியை எப்போது போக்குவரத்துக்குத் திறக்கலாம் என்னும் வினாவுக்கு அது விடை தருகின்றது.

நுண்சல்லியையும் பால்மத்தையும் நீரையும் கலந்து குழம்பாக இடும் பூச்சுக்கும் இவ்வாறே இரட்டைச் சோதனை உண்டு. நீரில் ஊறிய வட்டத் துண்டை, பாரமேற்றிய இறப்பர்க் குழாயாற் சுற்றிச் சுற்றி உரைத்து, சதுர அடிக்கு 75 கிராமுக்கு மேல் இழந்தால் பிணைபொருள் போதாது எனத் தள்ளுவர். வேறொரு துண்டின்மேல் பாரச் சக்கரத்தை ஆயிரம் முறை முன்னும் பின்னும் ஓட்டி, சூடான மணலைத் தூவி, அதில் ஒட்டும் மணல் சதுர அடிக்கு 50 கிராமை மிஞ்சினால் பிணைபொருள் மிகுதி எனத் தள்ளுவர். ஒரு சோதனை குறைவைக் காவல்செய்கின்றது. மற்றது மிகுதியைக் காவல்செய்கின்றது. இவ்விரண்டுக்கும் இடையே நிற்பதே ஏற்ற கலவை.

இத்தனை பொறிகள் இருந்தும், ஆய்வுகூடம் தனித்து நின்று தீர்ப்புக் கூற இயலாது என்பதை ஆய்வாளர் மறக்கவில்லை. ஒரே மெருகு மதிப்புடைய கல் ஓரிடத்திற் பாதுகாப்பாயும் வேறிடத்தில் ஆபத்தாயும் இருக்கக் கண்டனர். பல வீதிகளின் அளவீடுகளைத் திரட்டி ஆராய்ந்தபோது அதன் காரணம் தெளிவாயிற்று. கல்லின் மதிப்போடு, நாள்தோறும் செல்லும் பாரவண்டிகளின் தொகையும் சேர்ந்தே வீதியின் பிடிப்பை நிருணயிக்கின்றது. பாரவண்டி பெருகினால், முன்பு போதியதாயிருந்த கல்லும் போதாததாகும். இத்தொடர்பு 1972-ல் ஒரு சமன்பாடாக வெளியிடப்பட்டது. மோட்டார் சைக்கிளின் இடத்தைப் பின்னர் நீர்த்தொட்டி சுமந்து, 20 பாகை சாய்ந்த சோதனைச் சக்கரத்துடன் ஓடும் லொறி பெற்றது. 1988-ல் பிரித்தானியா தன் முதன்மைப் பெருந்தெருக்களுக்குச் சறுக்கற்றடை நியமமொன்றை ஏற்படுத்தி, அவற்றை ஒழுங்காக அளக்கத் தொடங்கிற்று.

தார் வைத்தியரின் மருந்தாகிய நிலக்கரித் தாரே நாளடைவில் அரங்கைவிட்டு நீங்கிற்று. இயற்கை வாயு வந்ததும் நிலவாயுத் தொழிற்சாலைகள் மூடப்பட்டன. தாரிலுள்ள சில பொருள்கள் புற்றுநோய் விளைப்பன என்பதும் தெளிவாயிற்று. அதன் இடத்தைப் பெற்றோலிய எண்ணெயிலிருந்து பெறும் பிற்றுமன் பெற்றது. மக்கள் அதனையும் பழக்கத்தினால் தார் என்றே வழங்குகின்றனர். பிணைபொருள் மாறிற்று, வண்டி மாறிற்று, வேகம் மாறிற்று. மாறாதது, ஒவ்வொரு புதுப் பூச்சும் வீதிக்குச் செல்லுமுன் சில எளிய கேள்விகளுக்கு விடை கூறவேண்டும் என்னும் விதி. நீரில் ஒட்டி நிற்பாயா? அடிபட்டால் சல்லியை விடாது பிடிப்பாயா? வெயிலில் கசியாதிருப்பாயா? மெருகேறிய பின்னும் பிடிப்புத் தருவாயா?

தூசியை அடக்கப் புறப்பட்டவர்கள் வழுக்கலை உண்டாக்கினர்; வன்மையான கல்லைத் தேடியவர்கள் மினுங்கும் கல்லைப் பெற்றனர். ஒவ்வொரு முறையும் அவர்களைத் திருத்தியது, சரியான கேள்வியைக் கேட்கத் தெரிந்த ஒரு சிறு கருவியே. மழை நாளில் மலைவீதியின் வளைவில் ஒரு பஸ் வண்டி சறுக்காது திரும்புகின்றது. அதிலிருப்போர் எவரும் அதனை ஒரு நிகழ்ச்சியாகவே கருதுவதில்லை. ஈரக் கல்லின்மீது ஆடி எழுந்த இறப்பர் ஊசல் மனிதருக்குத் தந்த நன்மை அதுவேயாகும்.